நனைந்த சாம்பலின் பாரம்

மனோர் பார்க், லண்டன்
14 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அந்த எரிமலைத் தீவுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக நிவாரண அமைப்பின் அலுவலகத்திலிருந்து அறிவித்தார்கள். இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்குக் கோபம் இல்லை. விமான நிலையத்துக்கு வராததற்குக் காரணம், இல்போர்டில் ஒரு வீட்டுக்காரர் கூரையைப் பிரித்துப்போட்டுவிட்டு என் பாரக் கணக்குக்காகக் காத்திருந்ததுதான். மாடிக்கு மேலே இன்னொரு அறை வேண்டுமாம். என் தொழில் அதுதான் என்று ஆகிவிட்டது.

அந்த அமைப்பின் வேலை விளம்பரத்தை உங்களுக்குக் காட்டியதே நான். எரிமலைச் சாம்பல் கூரையில் விழுந்தால் கூரைக்கு என்ன நடக்கும் என்று ஆய்வு எழுதிப் பட்டம் வாங்கியதும் நான். நேர்முகத்தில் மார்கரெட் அம்மையார் நீட்டிய துண்டுப்பிரசுரத்தில் 'கூரையைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்' என்று இருந்தது. அது பிழை. பிழையைப் பிழை என்று சொன்னேன். என்னை எடுக்கவில்லை. கடைசி நாளில் சும்மா விண்ணப்பித்த உங்களை எடுத்தார்கள். நீங்கள் கவுன்சில் வேலையில் சனத்தோடு கதைத்துப் பழகியவராம். சரி.

இனி வேலைக்கு வருகிறேன். அது நம் வீட்டு அடுப்புச் சாம்பல் அல்ல. பொடியாக உடைந்த கல்லும் கண்ணாடியும். மழைத்தண்ணீர் பிடிக்கிற தொட்டிகளுக்குக் கூரையிலிருந்து இறங்கும் குழாயை, சாம்பல் விழ முதலே கழற்றிவிடச் சொல்லுங்கள். தொட்டிகளை மூடச் சொல்லுங்கள். நிலத்தில் கிடப்பதைக் கூட்டும்போது கொஞ்சமாக ஈரம் தெளிக்கலாம். கூரையில் மட்டும் தண்ணீர் அடிக்கவே கூடாது. நனைந்தால் பாரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இவ்வளவும் உங்களுக்கு விளங்கினால் போதும்.

இப்படிக்கு,
தம்பி விதுசன்

*

தீவு அலுவலகம்
2 பெப்ரவரி 2025

என் அருமைத் தம்பிக்கு,

நான் சுகம். கண்ணில் மட்டும் எப்போதும் மணல் விழுந்த மாதிரி. அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் போடச் சொல்லு. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே போன் கோபுரம் படுத்துவிட்டது. ஜெனரேட்டருக்குள் சாம்பல் போய்விட்டதாம். அலுவலகத்தில் செய்மதி இணைப்பு ஒன்று உண்டு. எழுத்து மட்டும் போகும், படமும் குரலும் போகாது. ஆகையால் அம்மாவுக்கும் சேர்த்து உனக்கே எழுதுகிறேன். வாசித்துக் காட்டு.

உன் குழாய் விஷயத்தை முதல் கூட்டத்திலேயே சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. இது தண்ணீர் தட்டுப்பாடான காலம், ஒரு மழை வந்தாலும் பிடிக்க வேண்டும், குழாயைக் கழற்றிவிட்டு வானத்தைப் பார்க்கச் சொல்கிறாயா என்று கேட்டார்கள். நியாயம்தானே? பிறகு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை தெல்மாவின் வீட்டில் மூன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்தேன். நாலாவது நாள் அவவே தன் வீட்டுக் குழாயைக் கழற்றினா. அதற்குப் பிறகு தெருவே கழற்றியது.

இனி நடந்த பகிடியைக் கேள். முகக்கவசம் நூற்றுக்கணக்கில் வந்திருக்கிறது. எல்லோரும் தொளதொள என்று போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள். அம்மா கட்டித் தந்த செத்தல் மிளகாய்ப் பார்சல் கையில் இருந்தது. தெல்மாவின் குசினியில் எல்லோரையும் கவசத்தோடு நிற்கவைத்து, சட்டியில் மிளகாயை வறுத்தேன். கவசம் சரியாகப் பொருந்தியவர்கள் பேசாமல் நின்றார்கள். பொருந்தாதவர்கள் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். நெஞ்சுவரை தாடி வைத்த கேப்ரியல் என்ற மீன்பிடிகாரர் ஒருவர். அவர்தான் முதல் ஓட்டம். மறுநாள் தாடியை வழித்துக்கொண்டு வந்து, "இப்ப வறு பாப்பம்" என்கிற மாதிரி நின்றார்.

தண்ணீர் அடிக்கக் கூடாது என்ற உன் பேச்சையும் மறக்கவில்லை. துண்டுப்பிரசுரத்தில் அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் ரூபி அக்கா

*

மனோர் பார்க்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் கண்டோம், அமைப்பின் செய்திமடலில், முழுப் பக்கத்தில்.

மிளகாய் வறுப்பதுதான் தலைப்பு. முகக்கவசப் பொருத்தம் பார்க்க உலகத்தில் ஒரு முறை இருக்கிறது. கசப்பு மருந்தைத் தெளித்து, நாக்கில் தெரிகிறதா என்று கேட்பார்கள். மிளகாய்ப் புகை அந்த முறை இல்லை. கண் எரிந்து யாராவது விழுந்திருந்தால்? அதையும் விடுங்கள். மார்கரெட் அம்மையார் அங்கே வந்து எடுத்துப்போன படத்தில் நீங்களே மூக்குக் கம்பியை அமத்தாமல் கவசம் போட்டிருக்கிறீர்கள். அவவுக்கு அது தெரியவில்லை. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தா. சேர்ச் றோட்டில் பஸ்ஸால் இறங்கும்போதே கண்ட சனத்துக்கெல்லாம் காட்ட ஆரம்பித்துவிட்டா. சபாரத்தினம் மாமா பிரசாதத் தட்டோடு நின்று என்னைக் கேட்டார், "தம்பி, அக்கா அங்கை சனத்தைக் காப்பாத்துறா. நீர் இன்னும் அந்தச் சாம்பல் படிப்புத்தான் படிக்கிறீரோ?" நான் முடித்துவிட்டேன் என்றேன். "அப்ப ஏன் அவ போனவ?" என்றார். மனுசன் பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழாய் கழற்றுவது என் ஆய்வின் நாலாம் அத்தியாயம். நீங்கள் அதைத் தேத்தண்ணியும் பணிசும் தின்று முடித்துவிட்டீர்கள். நல்லது.

உங்கள் கடிதத்தில் 'பேசாமல் நின்றார்கள்' வரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மிச்சத்துக்கு நேரம் இல்லை.

இப்படிக்கு,
விதுசன்

*

தீவு அலுவலகம்
3 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் சுகமாக வந்தது. நான் அவ்வளவு சுகமாக வாசிக்கவில்லை. பரவாயில்லை, உன் வாய் எனக்குப் புதிதா?

மூக்குக் கம்பியை இப்போது அமத்துகிறேன். கண்ணாடியில் பார்த்துத்தான் வெளியே போகிறேன்.

உனக்கு ஒரு செய்தி. ஜூனிலிருந்து இங்கே நிரந்தரமாக ஒரு எஞ்சினியர் வேண்டும் என்று யோசிக்கிறார்கள். கூரை, தண்ணீர், மின்கம்பம் எல்லாவற்றையும் பார்க்கிற ஆள். மார்கரெட் மறுபடி இங்கே வந்தபோது உன்னைப் பற்றிக் கதை தொடங்கினேன். "துண்டுப்பிரசுரம் பிழை என்று சொன்ன பெடியனா?" என்று கேட்டா. ஓம் என்றேன். உடனே கதையை மின்கம்பத்துக்கு மாற்றிவிட்டா.

தம்பி, உள்ளதைச் சொல்கிறேன். உன் பெயரை எழுத்தில் இன்னும் கொடுக்கவில்லை. உன் படிப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீ வந்து முதல் நாளே தெல்மாவிடம் "உங்களுக்கு இது விளங்காது" என்று சொன்னால், நான் இவ்வளவு நாளும் குடித்த தேத்தண்ணி முழுக்க வீண். கொஞ்சம் பொறு. கொஞ்சம் உன்னைப் பார். பிறகு கொடுக்கிறேன்.

இந்தப் பந்தியை அம்மாவுக்கு வாசிக்காதே. கவலைப்படுவா.

அன்புடன்,
அக்கா

*

மனோர் பார்க்
9 மார்ச் 2025

அக்கா,

நாங்கள் சுகம்.

நான் என்னைப் பார்க்கத் தேவையில்லை. கூரையைப் பார்க்கத் தெரிந்தால் போதும். பெயர் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன்.

நாளைக்கு ஈஸ்ட் ஹாமில் ஒரு மாடி அறை. மனுசனுக்கு அதற்குள் குளியலறையும் வேண்டுமாம்.

விதுசன்

*

தீவு அலுவலகம்
24 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவசரமாக எழுதுகிறேன்.

மலை மறுபடியும் குமுறிவிட்டது. இந்த முறை காற்று எங்கள் பக்கம். முந்தநாள் மத்தியானம் தெருவிளக்குப் போட வேண்டி வந்தது. மேட்டுப் பக்கத்து வீடுகளை விட்டு வந்த சனம் எல்லாம் பள்ளிக்கூட மண்டபத்தில் படுக்கிறது. அறுபது பேருக்கு மேல். குழந்தைகளும் படுக்கையோடு கிடக்கிற வயதானவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு அந்த மண்டபத்துக் கூரையைப் பார்க்கப் பார்க்க மனம் ஒரு மாதிரி இருக்கிறது. நீ கணக்குப் பார்த்துச் சொல். தகரக் கூரை. சரிவு குறைவு, ஏறி உட்காரலாம் போல. சுவருக்குச் சுவர் எட்டு மீட்டர், நடுவில் தூண் இல்லை. கைமரங்கள் நாலு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், ஒன்றுக்கொன்று என் இரண்டு எட்டுத் தூரம். சில இடத்தில் கறையான் தின்ற அடையாளம். மேலே சாம்பல் என் உள்ளங்கை அகலம் தடிப்பாகப் படிந்திருக்கிறது. இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. கிழமைக் கடைசியில் பெரிய மழை என்கிறார்கள். நனைந்தால் தாங்குமா? தாங்காது என்றால் இவர்களை எழுப்பி வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சும்மா சொன்னால் எழும்ப மாட்டார்கள், களைத்துப் போயிருக்கிறார்கள். ஒரு எஞ்சினியர் சொன்னார் என்றால் எழும்புவார்கள். அமைப்பின் எஞ்சினியர் பக்கத்துத் தீவில் மாட்டுப்பட்டுவிட்டார். கெதியாகப் பதில் போடு.

இன்னொன்று. வேறு யாராவது சொல்லி நீ கேட்க முதல் நானே சொல்கிறேன். எஞ்சினியர் வேலையையும் என் வேலையையும் ஒன்றாக்கப் போகிறார்களாம். என்னை ஒரு வருடம் பொறுப்பாக நிற்கச் சொல்லி மார்கரெட் கேட்டிருக்கிறா. ரேடியோக்காரர் வேறு வந்து கதைத்துவிட்டு, என்னைச் 'சாம்பல் நிபுணர்' என்று போட்டுவிட்டார்கள். சிரிக்காதே. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கூரைக்கு முதலில் பதில் போடு.

அன்புடன்,
அக்கா

*

தீவு அலுவலகம்
27 மார்ச் 2025

தம்பி,

சுகமா? என் கடிதம் உனக்குப் போய்ச் சேர்ந்ததாக இயந்திரம் காட்டுகிறது. இன்னும் பதில் வரவில்லை. ஒரு வரி போதும். தாங்கும், தாங்காது, இரண்டில் ஒன்று.

வானம் கறுத்துவிட்டது.

அக்கா

*

தீவு அலுவலகம்
2 ஏப்ரல் 2025

என் தம்பிக்கு,

முதலில் நான் சுகம் என்று அம்மாவுக்குச் சொல். சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

மண்டபக் கூரை விழுந்துவிட்டது. சனிக்கிழமை காலை, மழை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில். முதலில் ஒரு முறிவுச் சத்தம், பிறகு நடுப்பகுதி அப்படியே மடிந்து இறங்கியது. உள்ளே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

எல்லோரையும் வெள்ளிக்கிழமையே கல்லுக் கட்டிடமான கோவிலுக்கு, இங்கே சேர்ச்சுக்கு, மாற்றிவிட்டேன். ஏன் மாற்றினேன் என்று கேள். நீ பதில் போடாததால்தான்.

பெரியப்பா சாவகச்சேரியில் செத்து மோசம் போனது உனக்கு நினைவிருக்கும். நீ சின்னப் பெடியன். அங்கேயிருந்து ஒருவரும் போன் எடுக்கவில்லை. நாங்கள் எடுத்தாலும் தூக்கவில்லை. அப்போதே அம்மா, "ஏதோ நடந்துபோச்சு, சொல்ல வாய் வரேல்லை" என்று அழத் தொடங்கிவிட்டா. எங்கள் ஆட்கள் அப்படித்தான். நல்ல செய்தி என்றால் விடிய முதல் வரும். கெட்ட செய்தி என்றால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். நீ மட்டும்தான் எங்கள் வீட்டில் கெட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவன். அந்த நீயே பேசாமல் இருக்கிறாய் என்றால் கணக்கு எவ்வளவு மோசமாக வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அறுபது பேர் என்று நான் எழுதியதைப் பார்த்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறாய் என்று நினைத்தேன். அது போதும் என்று எல்லோரையும் எழுப்பினேன். தெல்மா என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாயைச் சுருட்டினா.

கேப்ரியல்தான் கேட்டார். தாடி வழித்தவர். "உன் தம்பி என்ன சொன்னான்?" என்றார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "சொல்லாத ஆளின் பேச்சைக் கேட்டா நாங்கள் படுக்கையைத் தூக்குறம்?" என்று சிரித்தார். எல்லோரோடும் வந்தார்தான். சனிக்கிழமை காலையில் மனைவியின் மெத்தையை எடுக்கத் திரும்பிப் போனார். நான் வாசலில் மறித்தேன். "ஒரு கணக்கைக் காட்டு, நிற்கிறேன்" என்றார். காட்ட என் கையில் ஒன்றும் இல்லை. தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு காலும் முறிந்துவிட்டது. ஹெலிகொப்டரில் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள். இனிக் கடலுக்குப் போவாரோ தெரியாது.

மார்கரெட்டிடம், என் தம்பியை நம்பித்தான் மாற்றினேன் என்று சொன்னேன். உன் பெயரை எழுத்திலும் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு வருடம் எனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். கூரை தெரிந்த ஆள்தான் இங்கே வேண்டும். எனக்கு அது இப்போதுதான் விளங்கியது.

அறுபது பேர் சார்பில் உன் நெற்றியில் ஒரு முத்தம்.

உன் அக்கா

*

மனோர் பார்க்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருப்பது பெரிய ஆறுதல்.

கைமரம் நடுவில் முறிந்ததா, சுவரோடு பொருந்துகிற இடத்தில் கழன்றதா? தகரம் முதலில் வளைந்ததா? கண்டவர்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

மார்கரெட் அம்மையாரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. எழுப்பியது நீங்கள். பாயைச் சுருட்டியது தெல்மா அம்மையார்.

கேப்ரியல் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்? அவருக்கு என்ன வயது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

*

மனோர் பார்க்
13 ஏப்ரல் 2025

என்ர செல்ல மகள் ரூபிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிறேமினி கம்பியூட்டரிலை அடிக்கிறாள். உன்ர விலாசமும் அவள்தான் மார்கரெட் அம்மாவிட்டைக் கேட்டு எடுத்தவள். நாளைக்கு வருசப்பிறப்பு. உனக்கு என்ர ஆசீர்வாதம். முழங்கால் இப்ப கொஞ்சம் பரவாயில்லை.

ஏன் பிள்ளை ஒரு மாசமாக் கடிதம் போடேல்லை? தம்பியைக் கேட்டால் "வரேல்லை அம்மா, அங்கை நெற் இல்லை" எண்டுறான். போன கிழமை மார்கரெட் அம்மா போன் எடுத்துத்தான் எனக்குக் கூரை விழுந்ததே தெரியும். தம்பியாலைதான் அவ்வளவு சனமும் தப்பினதெண்டு அவ சொல்ல நான் அழுதுபோட்டன். கோயிலிலை சபாரத்தினத்துக்கும் சொல்லிப்போட்டன். அவர் பிரசாதத்தை ரெண்டு தரம் அள்ளித் தந்தவர்.

ஆனால் தம்பிக்குச் சந்தோசத்தைக் காணேல்லை. சோறும் சரியாத் தின்னுறானில்லை. போன மாசம் ஒரு திங்கட்கிழமை வேலையாலை வந்த உடுப்போடை மேசையிலை இருந்து ஒரு கூரை கீறிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். தேத்தண்ணி கொண்டுபோய் வைச்சனான். ஆற்ற வீடு, ஆருக்கு இந்தக் கூரை எண்டு கேட்டன். "வீடில்லை, பள்ளிக்கூடம்" எண்டான். பிறகு லைற்றை அணைச்சுப்போட்டுப் படுத்திட்டான். அண்டையிலையிருந்து ஆள் இப்பிடித்தான். நீ ஒருக்கா அவனோடை கதை.

உன்ர அம்மா,
பாலாம்பிகை

*

தீவு அலுவலகம்
19 ஏப்ரல் 2025

தம்பி,

நான் சுகம். நீ சாப்பிடுவதில்லை என்று அம்மா எழுதியிருக்கிறா. ஓம், அம்மா எழுதியிருக்கிறா. வருசப்பிறப்புக்கு முதல் நாள்.

என் கடிதம் உனக்குத் திங்கட்கிழமையே வந்திருக்கிறது. அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறாய். விடை தெரிந்துகொண்டு லைற்றை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறாய். நான் வியாழக்கிழமை மறுபடி எழுதினேன். அதற்கும் படுத்திருக்கிறாய்.

உன் போன கடிதத்தைப் பார்த்தபோதே எனக்கு யோசனை வந்தது. என் பிழை ஒன்றையும் திருத்தாமல் நீ எழுதிய முதல் கடிதம் அது.

இங்கே உன் பெயரைப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பார்த்திராத ஆளின் பெயர். தெல்மா உனக்கென்று மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறா. மார்கரெட்டின் வேலைக் கடிதம் இந்தக் கிழமை உன் கைக்கு வரும். நான் அவவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. அதை உனக்காகச் செய்கிறேன் என்று நினைக்காதே. எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 'என் தம்பி என்மேல் எரிச்சலில் அறுபது பேரைப் படுக்கவிட்டான்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். அழித்துவிட்டேன்.

எனக்கு வந்தது உனக்கு வந்திருக்க வேண்டியது என்று நீ நினைத்தாய். அதை ஒரு வரியில் எனக்கு எழுதியிருக்கலாம். நான் அடுத்த விமானத்தில் ஏறி வந்திருப்பேன்.

அம்மாவுக்கு இதை வாசிக்காதே. இந்த முறை உண்மையாகவே சொல்கிறேன்.

ரூபி

*

மனோர் பார்க்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நான் இன்று சாப்பிட்டேன்.

மார்ச் 24ஆம் திகதி நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கீழே.

காய்ந்த சாம்பலை அந்தக் கூரை மட்டுமட்டாகத் தாங்கும். நனைந்தால் தாங்காது. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் இரண்டு பெரிய ஆட்கள் ஏறி நிற்கிற பாரம் வரும். கறையான் தின்ற கைமரம் அதில் பாதியிலேயே முறியும். மழைக்கு முதல் எல்லோரையும் வெளியே எடுங்கள். துப்புரவாக்க ஒருவரையும் மேலே ஏறவிடாதீர்கள். சாமான் எடுக்க ஒருவரையும் உள்ளே விடாதீர்கள்.

இவ்வளவுதான் விடை. தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்துவிட்டது. 'அன்புள்ள அக்காவுக்கு' என்று தொடங்கியும் விட்டேன். பிறகு உங்கள் கடிதத்தின் 'சாம்பல் நிபுணர்' பந்தியை மறுபடி வாசித்தேன். நிபுணர்தானே, அவவே பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒரு இரவு உங்களைக் காக்கவைக்கத்தான் நினைத்தேன். மறுநாள் அனுப்பினால் ஏன் பிந்தியது என்று கேட்பீர்கள். அதற்கு அடுத்த நாள் இன்னும் கேட்பீர்கள். வியாழக்கிழமைக் கடிதம் வந்தபோது என்னால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்க மட்டும்தான் முடிந்தது. நீங்கள் நினைத்த மாதிரி எனக்கு வாய் வராமல் இருக்கவில்லை. வந்தது. நான்தான் மூடினேன்.

வேலைக் கடிதம் நேற்று வந்தது. மேலே எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, திகதிகளோடு மார்கரெட் அம்மையாருக்கு அனுப்பிவிட்டேன். அவ இன்னும் பதில் போடவில்லை. கேப்ரியலுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், அவர் கேட்ட கணக்கையும் வைத்து. ஆஸ்பத்திரி விலாசம் தெரிந்தால் அனுப்புங்கள். அம்மாவுக்கு இன்று பின்னேரம், வராத கடிதங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். உங்கள் கடைசிக் கடிதத்தையும்தான். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அம்மா எழும்பிப் போய் எனக்குச் சோறு போட்டா.

அறுபது பேரும் இப்போது சேர்ச்சில் படுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சுவர் கல் என்றீர்கள், கூரை என்ன என்று எழுதவில்லை. ஓடா, தகரமா? கைமரத்தின் தடிப்பு என்ன? உங்கள் எட்டுக் கணக்கு வேண்டாம், அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். மறுமுனையைத் தெல்மா அம்மையார் பிடிக்கட்டும்.

நான் மேசையில்தான் இருக்கிறேன்.

தம்பி